கைப்பையில் ஒரு பேனாக்கத்தி: விக்டோரினாக்ஸ் கிளைம்பருடன் மூன்று ஆண்டுகள்

சென்னையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். எங்கள் கூடத்தில் திருப்புளிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இருபது மேசைகளில் சோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போது, தேவைப்படும் மேசைக்கு அருகில், தேவைப்படும் நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஒரு மாணவியின் மின்சுற்றில், மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டின் முனைத் திருகு தளர்ந்திருக்கும். அடுத்த மேசையில் செம்புக் கம்பியின் எனாமல் பூச்சைச் சுரண்டாமல் மின்னோட்டம் ஏன் வரவில்லை என்று இருவர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் அலமாரிக்கு நடந்து, பூட்டைத் திறந்து, கருவியை எடுத்து வந்து, மீண்டும் வைக்க வேண்டும். கையோடு ஒரு பேனாக்கத்தி இருந்தால் இந்த நடையெல்லாம் மிச்சமாகுமே என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியது. கல்லூரிக்காக வாங்க நினைத்த அந்தக் கருவி, வீட்டிலும் ரயிலிலும் கடைத்தெருவிலும் எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்பதை அப்போது நான் அறியவில்லை.

முதலில் வாங்கியது தவறான பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், பெயர் தெரியாத தயாரிப்பாக, குறடு, கத்தி, ரம்பம், அரம், ஐந்தாறு திருப்புளிகள் என்று எல்லாம் ஒன்றாக மடங்கும் ஒரு கருவி கிடைத்தது. மொத்தம் பதினைந்து பயன்கள் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். விலையும் மிகக் குறைவு. துருப்பிடிக்காத எஃகு என்று அலகின் மேலேயே பொறித்திருந்தது. ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது வாரம் அலகின் அடிப்பகுதியில் செம்மண் நிறத்தில் புள்ளிகள் தோன்றின. மாதம் முடிவதற்குள் குறட்டின் இரண்டு தாடைகளையும் இணைத்த ஆணி தளர்ந்து, இறுக்கிப் பிடித்தால் தாடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எனக்கு உண்மையான வருத்தம் தந்தது வேறொன்று: கத்திக்குப் பூட்டு என்று இருந்த தகடு சரியாகப் பொருந்தாமல் நழுவி, அலகு என் சுட்டுவிரல்மேல் மடங்கியது. காயம் ஆழமானதன்று, ஆனால் பூட்டும் என்று நம்பவைத்துப் பூட்டாமல் போகும் கத்தியைவிட, பூட்டே இல்லாத நல்ல கத்தி பாதுகாப்பானது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது முறை வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். கைப்பையில் ஒரு சிறிய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, முப்பது நாள்களுக்கு, எந்தக் கருவி தேவைப்பட்டாலும் அதை ஒரு வரியில் எழுதிவைத்தேன். கருவி கிடைத்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. தேவைப்பட்டதா என்பதே கணக்கு. மாத முடிவில் 68 வரிகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 27 கத்தரிக்கோலுக்கு உரியவை. கத்திக்கு 22. திருப்புளிக்கு 11. இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க 4, சாமணம் 3, குறடு ஒரே ஒரு முறை. ரம்பமும் அரமும் குறிப்பேட்டில் இடம்பெறவே இல்லை. நான் முதலில் வாங்கிய கருவியோ, குறட்டை நடுவில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் கத்தரிக்கோலே கிடையாது! என் வாழ்க்கைக்குத் தேவையானதற்கு நேர் எதிரான ஒன்றைத்தான் முதல் முறை வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை செய்யும் என் அண்ணன் இதே குறிப்பேட்டை எழுதியிருந்தால், குறடு முதலிடத்திலும் கத்தரிக்கோல் கடைசியிலும் இருந்திருக்கும். அதனால்தான், எந்தக் கத்தி சிறந்தது என்று கேட்பவர்களிடம் முதலில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

கத்தரிக்கோலுக்கு என் கணக்கில் ஏன் இவ்வளவு இடம் என்று யோசித்தால், சென்னையில் நாம் வாங்கும் பொருள்கள் கட்டப்படும் விதமே காரணம் என்று தோன்றுகிறது. மாத்திரைப் பட்டையில் இரண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். முழம் போட்டு வாங்கிய மல்லிகையைத் தலைக்கு ஏற்ற அளவில் நறுக்க வேண்டும். ஆவின் பால் உறையின் மூலையைச் சிந்தாமல் வெட்ட வேண்டும். இட்லி மாவுப் பையைத் திறக்க வேண்டும். சேலை ஓரத்தில் பிரிந்த நூலை அறுக்க வேண்டும். இவற்றில் எதையும் கத்தியால் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் ஓடும் மின்சார ரயிலில், பக்கத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கும்போது, கத்தியை விரித்து நூலறுப்பது சரியன்று. கத்தரிக்கோலை எங்கே எடுத்தாலும் யாரும் திடுக்கிடுவதில்லை.

ஆகவே கத்தரிக்கோல், இரண்டு திருப்புளிகள், நல்ல அலகு, முடிச்சவிழ்க்க ஏதாவது ஒன்று என்று என் தேவைகள் தெளிவாயின. அந்த வரையறைக்குள் அடங்கியதுதான் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கிளைம்பர். மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம், 82 கிராம் எடை. பெரிய அலகு, சிறிய அலகு, கத்தரிக்கோல், சிறு திருப்புளி முனையோடு டின் திறப்பான், பெரிய திருப்புளியும் கம்பி உறை உரிக்கும் பள்ளமும் சேர்ந்த புட்டி திறப்பான், தக்கைத் திருகு, குத்தூசி, பொருள் தூக்கும் கொக்கி, கைப்பிடிக்குள் செருகிய சாமணம், பல்குத்தி, சாவி வளையம். இதையெல்லாம் 14 பயன்கள் என்று எண்ணி விற்கிறார்கள். எண்ணிக்கையை நான் பெரிதாகக் கொள்வதில்லை. ஒரே திறப்பானின் மூன்று முனைகளையும் மூன்றாக எண்ணித்தான் இந்தத் தொகை வருகிறது.

இந்தக் கத்தியின் அமைப்புக்குப் பின்னால் உள்ள வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில், இபாக் என்ற சிற்றூரில், கார்ல் எல்செனர் 1884-இல் தம் பட்டறையைத் தொடங்கினார். 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்துகொடுத்தார். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் திருப்புளியும், டின் உணவைத் திறக்க ஒரு கருவியும் வீரனுக்குத் தேவைப்பட்டதால்தான் அந்தக் கத்தியில் அவை இடம்பெற்றன. அது உறுதியானது, ஆனால் கனமானது. அதிகாரிகளுக்கென்று இலேசான கத்தி ஒன்றைச் செய்ய முயன்றபோது அவர் கண்ட வழி எளியது: கைப்பிடியின் முதுகில் இருக்கும் வில் தகடு ஒரு பக்கத்துக் கருவியை மட்டும் தாங்காமல், இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கட்டும். இரண்டே விற்களில் ஆறு கருவிகள் அடங்கின. அந்த வடிவத்தை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். இன்று என் கையில் இருக்கும் கிளைம்பரின் முதுகைப் பார்த்தாலும் அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு வில்லும் முன்பக்கக் கருவிகளையும் பின்பக்கக் கருவியையும் சேர்த்தே அழுத்திப் பிடிக்கிறது. தாய் விக்டோரியாவின் பெயரையும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்து 1921-இல் நிறுவனத்துக்கு இப்போதைய பெயர் வந்தது.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரைப் பற்றி, இயற்பியல் கூடத்தில் இருப்பவள் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால், அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடின் மிக மெல்லிய படலம் தானாகவே உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் மீண்டும் உருவாகும். ஆனால் உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் வாழும் சென்னைவாசிக்கு இது பாடநூல் செய்தி மட்டுமன்று. சன்னல் கம்பியிலும் மிதிவண்டிச் சங்கிலியிலும் நாள்தோறும் கண்ணால் காண்பது. நம் திருப்பாச்சி அரிவாளுக்கு எண்ணெய் தடவித்தான் வைக்கிறோம். அது கார்பன் எஃகு என்பதால் காரணம் எல்லோருக்கும் புரிகிறது. துருப்பிடிக்காத எஃகுக்கும் நம் ஊரில் கொஞ்சம் கவனிப்பு வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் சி அளவில் 56. இதைவிடக் கடினமான எஃகுகளைக் கொண்டு செய்த கத்திகள் சந்தையில் உண்டு. அவற்றின் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் கூர் போனபின் அவற்றைத் தீட்டுவது எளிதன்று. சாதாரணக் கல்லுக்கு அவை இணங்குவதில்லை. கிளைம்பரின் அலகு அட்டைப் பெட்டிகளை வெட்டி வெட்டி இரண்டு மூன்று வாரத்தில் மழுங்கத் தொடங்கும். ஆனால் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பையின் அடியில், பளபளப்புப் பூச்சு இல்லாத அந்தச் சொரசொரப்பான வளையத்தில், பக்கத்துக்குப் பத்து முறை இழுத்தால் காகிதத்தை வெட்டும் அளவுக்குக் கூர் திரும்பிவிடும். என்னைப் போல் சமையலறையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இந்த எஃகு மிகவும் பொருத்தம். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வு போதும். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாள்மணையையும் சமையல் கத்தியையும் தயங்காமல் கொடுக்கிறேன், பேனாக்கத்தியைக் கொடுப்பதில்லை. வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய அலகு சூடேறினால், பதம் கெட்டுவிடும்.

மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் ஒவ்வொரு கருவியும் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கத்தரிக்கோலே இதன் உயிர். விரல் நுழைக்கும் வளையங்கள் இல்லாமல், ஒரு சிறு வில்லின் விசையில் தானாக விரிகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் வெட்டுகிறது. ஈரத் துணியையும் மெல்லிய பட்டு நூலையும் மடிக்காமல் வெட்டுவதுதான் கத்தரிக்கோலுக்கு உண்மையான சோதனை. அதில் இது இன்றுவரை தவறியதில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தச் சிறு வில் முறிந்தது. அதைத் தனியே வாங்கி, நானே மாற்றிக்கொண்டேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருநாள் ஒரு மாணவர், உதவும் நோக்கத்தோடு, கம்பியின் அதிர்வை ஆராயும் சோனாமீட்டரின் எஃகுக் கம்பியை இந்தக் கத்தரிக்கோலால் வெட்ட முயன்றார். வெட்டுவாயில் ஒரு சிறு பல் விழுந்துவிட்டது. எஃகுக் கம்பிக்குக் குறடுதான் வேண்டும். அந்தப் பல்லைச் சாணைக்கல்லில் மெல்லத் தீட்டிப் பெருமளவு சரி செய்தேன்; ஆனாலும் மிக மெல்லிய நூல் இன்னும் அந்த இடத்தில் சிக்குகிறது.

பெரிய அலகு மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் கூரியர் பெட்டிக்கும். நுனி இலையின் தண்டை வழித்து, பந்திக்கு ஏற்ற அளவில் வெட்டவும் இதையே பயன்படுத்துகிறேன். சிறிய அலகை உணவுக்குத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். எனாமல் சுரண்டுவதும், பசைநாடா வெட்டுவதும், பென்சில் சீவுவதும் அதன் வேலை. இரண்டு அலகு இருப்பதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

சிறு திருப்புளி முனை தட்டையானது. ஆனால் நான்கு முனை வெட்டுள்ள நட்சத்திரத் திருகுகளிலும் அழகாகப் பொருந்தித் திருப்புகிறது. மின்செருகியைப் பிரிப்பது, விளையாட்டுப் பொம்மையின் மின்கலத் திறப்பைக் கழற்றுவது, குக்கர் கைப்பிடியை இறுக்குவது எல்லாம் இதில் முடிகின்றன. துருவேறி இறுகிய திருகுக்கு மட்டும் இதை நம்பக்கூடாது. கைப்பிடி குறுக்காக நிற்பதால், மணிக்கட்டின் விசை நேர்கோட்டில் இறங்குவதில்லை. முனை நழுவித் திருகின் தலை தேய்ந்துவிடும். அதற்கு வீட்டில் தபாரியா நிறுவனத்தின் தனித் திருப்புளி ஒன்றே சரி.

தக்கைத் திருகு மதுப்புட்டிக்கு என்று படைக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு புட்டி வந்ததில்லை. கடையில் நான் முதலில் தயங்கியதும் இதனால்தான். தக்கைத் திருகுக்குப் பதிலாக நட்சத்திரத் திருப்புளி வைத்த சூப்பர் டிங்கர் என்ற வகை பக்கத்திலேயே இருந்தது. நல்லவேளையாக மனம் மாறவில்லை. முடிச்சவிழ்க்க இதைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. அரிசி மூட்டையின் சணல் முடிச்சு, இனிப்புக் கடையில் பெட்டியைச் சுற்றிக் கட்டும் நூல், கொடிக்கயிறு, மழையில் நனைந்து இறுகிய காலணிக் கயிறு எதுவானாலும், சுருளின் முனையை முடிச்சின் நடுவே நுழைத்து மெல்லத் திருகி இழுத்தால் கட்டு தளர்ந்துகொடுக்கும், நூலும் வீணாவதில்லை. அறுத்து எறிவதற்கு மனம் வராத தலைமுறையைச் சேர்ந்த என் அம்மாவுக்கு இந்தக் கத்தியில் மிகவும் பிடித்த உறுப்பு அதுதான். தக்கைத் திருகின் சுருளுக்குள் செருகிவைக்கும் மிகச் சிறிய திருப்புளி ஒன்றும் தனியாகக் கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடியின் திருகை இறுக்குவதற்கென்றே அதை வாங்கினேன்.

கொக்கியை முதல் ஓராண்டு பயன்படுத்தவே இல்லை. பிறகு, காய்கறிப் பைகளின் மெல்லிய காது விரல்களை அறுக்கும்போது, பைகளைக் கொக்கியில் மாட்டி, கத்தியின் உடலைப் பிடித்துத் தூக்கலாம் என்று தெரிந்தது. சாமணம் மேசையின் மரச்சிலாம்பை எடுக்க உதவுகிறது. பல்குத்தி தொலைந்துபோயிற்று, அதற்காக நான் வருந்தவில்லை.

அண்ணனிடம் இருப்பது லெதர்மேன் வேவ் பிளஸ். அதை ஒரு வாரம் இரவல் வாங்கி என் கைப்பையில் வைத்துப் பார்த்தேன். 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, பழுதுபார்க்கக் கையில் பேனாக்கத்தி மட்டுமே இருந்து, குறடு இல்லையே என்று தவித்த அமெரிக்கப் பொறியாளர் டிம் லெதர்மேன், பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1983-இல் தம் முதல் கருவியை விற்றார். அந்தத் தவிப்பு இன்றும் அந்தக் கருவியின் ஒவ்வோர் அங்கத்திலும் தெரிகிறது: குறடுதான் உடல், மற்றவை அதன் கைப்பிடிக்குள் தங்கும் விருந்தினர். அலகுகளை ஒரே கையால் விரிக்கலாம். விரித்தால் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும். குறட்டின் கம்பி வெட்டும் பற்களைத் தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். 25 ஆண்டு உத்தரவாதமும் உண்டு. ஏணிமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வேலை செய்யும் அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் எடை 241 கிராம். என் கிளைம்பரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வார இறுதியில் என் தோள் அதைச் சொல்லிவிட்டது. அதன் கத்தரிக்கோலும் சிறியது. என் கணக்கில் முதலிடம் பெற்ற வேலைக்கு அது இரண்டாம் தரமாகவே உதவியது.

நேர் எதிர்ப்பக்கத்தில், அதே விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் கிளாசிக் இருக்கிறது. ஒரு சிறு அலகு, கத்தரிக்கோல், திருப்புளி முனையோடு நக அரம், சாமணம், பல்குத்தி அவ்வளவே. சாவிக்கொத்தில் தொங்குவது தெரியாத அளவு இலேசு. கருவிகளோடு தொழில்முறைத் தொடர்பு இல்லாத பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்று மனமார நம்புகிறேன். அலுமினியக் கைப்பிடி போட்ட கேடட், பயோனியர் வகைகள் பார்க்க மிக அழகானவை, மெல்லியவை, உறுதியானவை. கத்தரிக்கோல் இல்லாததால் அவற்றை விட்டுவிட நேர்ந்தது. கத்தரிக்கோல் சேர்த்த பயோனியர் எக்ஸ் என்ற வகையை அப்போது பார்த்திருந்தால், என் முடிவு மாறியிருக்கவும் கூடும்.

கிளைம்பரில் குறைகள் இல்லாமல் இல்லை. அலகு பூட்டிக்கொள்வதில்லை, வில்லின் அழுத்தம் மட்டுமே அதை விரித்த நிலையில் நிறுத்துகிறது. வெட்டும் திசையில் அழுத்தும்வரை கவலையில்லை. குத்துவதற்கோ துளைப்பதற்கோ பயன்படுத்தினால் விரல்மேல் மடங்கும். துளையிடக் குத்தூசி இருக்கிறது. அதுவும் பூட்டாதது என்பதால் நிதானம் வேண்டும். சிவப்புக் கைப்பிடி பளபளப்பான செல்லுலோஸ் வகை நெகிழியால் ஆனது. சாவிகளோடு உரசி மூன்றே மாதத்தில் கீறல்கள் விழுந்தன, ஒருமுறை சிமெண்ட் தரையில் விழுந்ததில் ஓரம் சற்று உடைந்தது. ஈரக் கையில் வழுக்குகிறது. புதிதில் கருவிகளை நகத்தால் விரிப்பது கடினம். நகம் ஒட்ட வெட்டியவர்களும் முதியவர்களும் சிரமப்படுவார்கள். அம்மாவுக்கு நான்தான் விரித்துக் கொடுக்கிறேன்.

விரித்துக் கொடுக்கும்போதெல்லாம், “கையில கொடுக்காதடி, கீழே வை, நான் எடுத்துக்கிறேன்” என்பார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது நம் வீடுகளில் பழைய நம்பிக்கை. சண்டை வருமோ வராதோ, விரித்த அலகு ஒன்று இரண்டு கைகளுக்கு நடுவே ஊசலாடாமல் இருக்க இதைவிட நல்ல வழக்கம் கிடையாது. ஆய்வுக்கூடத்திலும் இதே முறையைத்தான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

நம் ஊர்க் காற்றில் இதைப் பேணும் முறை எளிது. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டு, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பத்து முறை விரித்து மடக்க வேண்டும். மடிப்புகளில் தங்கிய அட்டைத் தூளும் மணலும் வெளியேறிவிடும். மெரினாவுக்குப் போய் வந்த நாளில் இதை மறுநாளைக்குத் தள்ளிவைக்கக்கூடாது. நன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் விரித்தபடி உலர்த்தி, மூட்டுகளில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். உணவில் படும் பெரிய அலகின் வெட்டுவாயை மட்டும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பலாப்பழம் அரிந்தால் பிசின் ஒட்டும். அதை நீக்க மட்டும் தேங்காய் எண்ணெயை முதலில் தடவித் துடைத்து, பிறகு சோப்பு நீரில் கழுவிவிடுகிறேன். மாங்காய், எலுமிச்சைச் சாற்றை அலகில் காயவிடுவது கூடாது. ஆயுத பூசையன்று சந்தனம் குங்குமம் வைத்து மற்ற கருவிகளோடு இதையும் பூசையில் வைக்கிறோம். அதற்கு முந்தைய நாள் இதைப் பொறுமையாகக் கழுவித் தீட்டி எண்ணெயிடுவது, ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இதன் போலிகள் சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக எங்கும் கிடைக்கின்றன. பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். கத்தியை மடக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், விற்களுக்கும் நடுத் தகடுகளுக்கும் இடையே ஒளி கசியக்கூடாது. அலகை விரிக்கும்போது, கடைசிச் சிறு தூரத்தை அது தானே பாய்ந்து கடந்து, ‘டக்’ என்று நிற்க வேண்டும். விரித்தபின் பக்கவாட்டில் அசைத்தால் அசையக்கூடாது. அதிகாரபூர்வ விற்பனையாளரிடம், ரசீதோடு வாங்குவதே நல்லது. தயாரிப்புக் குறைகளுக்கு நிறுவனம் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. விலை சில ஆயிரம் ரூபாய். அந்தப் பெயரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது வேறு பொருள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைப் பற்றியே பேசுகிறது. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை அதிலும் விலக்கி வைக்கிறது. கிளைம்பரின் அலகு மூன்று அங்குலத்துக்கும் குறைவு. ஆனால் இடத்துக்கு இடம் விதிகள் வேறு. சென்னை மெட்ரோ நிலையங்களில் பைகளைச் சோதிக்கிறார்கள். கத்திக்கு அனுமதி இல்லை. மெட்ரோவில் போகும் நாளில் இதை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லக்கூடாது. மீனம்பாக்கத்தில் பதிவு செய்து அனுப்பும் பெட்டிக்குள் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். காவலரிடம் வாதாடுவதால் பயன் இல்லை. அவர் தம் கடமையைச் செய்கிறார். பெண் என்பதால், தற்காப்புக்காகவா இதை வைத்திருக்கிறீர்கள் என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. பூட்டாத இரண்டரை அங்குல அலகு தற்காப்புக்கு உதவாது. அந்த எண்ணத்தோடு வைத்திருப்பது வைத்திருப்பவருக்கே ஆபத்து. இது வேலைக்கான கருவி மட்டுமே.

சென்ற ஆனி மாதம், விடுதியில் தங்கிப் படிக்கச் செல்லும் அண்ணன் மகள் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். குறிப்பேட்டைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்: கத்தரிக்கோல் 19, நக அரம் 6, கத்தி 4, சாமணம் 2, திருப்புளிக்கு ஒரு வரிகூட இல்லை. கிளைம்பரைத்தான் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அவளே கணக்கைப் பார்த்துவிட்டு, “அத்தை, எனக்குச் சின்னதே போதும்” என்றாள். நீல நிறத்தில் ஒரு கிளாசிக் வாங்கி வந்து, உறையைப் பிரித்து, எண்ணெய் துடைத்து, மடக்கி மேசைமேல் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள்.